பெத்ருஸ் வாங்கிக் கொடுத்த ஓட்டுகள்

தேர்தலுக்கு நான்கு நாள் முன்பு, திங்கட்கிழமை காலையில், லுப்பர்ட் வீட்டு ஆடு பெர்த்தா ஒரு குட்டி போட்டது. லுப்பர்ட் கொட்டிலுக்குள் போய்க் குனிந்து பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் எழுந்து போய்க் கதவை உள்பக்கமாகத் தாழ் போட்டுக்கொண்டார்.

குட்டி நல்ல பழுப்பு நிறம். கண்ணுக்கு மேலிருந்து மூக்கு வரை இரண்டு பக்கமும் ஒவ்வொரு வெள்ளைக் கோடு, அளவுகோல் வைத்துப் போட்டது மாதிரி. ஹெய்ன்டைக் கிராமத்தில் அந்த முகம் ஒரே ஒரு கிடாவுக்குத்தான் உண்டு. அதன் பெயர் பெத்ருஸ். அது கத்தோலிக்கக் கிடா.

இதில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. ஹெய்ன்டைக்கில் எல்லாமே இரண்டிரண்டு, கத்தோலிக்கருக்கு ஒன்று, சீர்திருத்தச் சபைப் புராட்டஸ்டண்டுகளுக்கு ஒன்று. ரொட்டிக்கடை இரண்டு, முடிவெட்டுகிறவர் இரண்டு பேர், மருத்துவச்சி இரண்டு பேர், பித்தளை வாத்தியக் குழு இரண்டு. இரண்டு குழுவுக்கும் சுதி சேராது, அதில் மட்டும் ஊர் ஒற்றுமை. சீர்திருத்தச் சபைக்காரன் தன் சபைக்காரன் சுட்ட ரொட்டியைத்தான் தின்பான், அது பல்லை உடைத்தாலும் சரி. அப்படியிருக்க ஆடு மட்டும் எப்படிப் பொதுவாக இருக்கும்? ஆகவே வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் சீர்திருத்தச் சபை வெள்ளாடு வளர்ப்போர் சங்கம். அதற்கு சிம்சோன் என்ற பால் வெள்ளைக் கிடா. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கத்தோலிக்க வெள்ளாடு வளர்ப்போர் சங்கம். அதற்கு பெத்ருஸ். ஒரு பக்கத்து ஆடு மறு பக்கத்துக் கிடாவை ஏறெடுத்துப் பார்ப்பதில்லை என்பதுதான் ஊர் நம்பிக்கை.

லுப்பர்ட்டோ சாதாரண ஆள் இல்லை. சபையில் மூப்பர். சீர்திருத்தச் சபைக் கட்சியின் ஊர்க் கிளைக்குத் தலைவர். ஆட்டுச் சங்கத்துக்கும் அவரே தலைவர். போர் முடிந்து ஒரு வருடம் ஆகி, ஒன்பது வருடத்துக்குப் பிறகு வருகிற முதல் நாடாளுமன்றத் தேர்தல் இது. இதற்காக ஊர்க் கிளை அச்சடித்து ஒட்டிய சுவரொட்டியில் இருந்த வாசகம் அவர் சொந்தமாக யோசித்தது: "அவரவர் கொட்டிலில் அவரவர்!" கூட்டத்தில் ஆள்காட்டி விரலைத் தூக்கிக்கொண்டு அவர் இதைச் சொல்லும்போது முன்வரிசைக்காரர்கள் சற்றுப் பின்னால் சாய்ந்துகொள்வார்கள். இருபது வருடமாகத் தூக்கின விரல் அது.

"ஏங்க, கதவத் திறங்க." வெளியே அவர் மனைவி ஆல்ட்யே. "என்ன குட்டி?"

"பொட்டை."

"நல்லதாப் போச்சு. எதுக்குத் தாழ் போட்டிருக்கீங்க?"

"குளிரு."

"மே மாசத்துல என்ன குளிரு? திறங்கன்னா திறங்க!"

திறந்தார். ஆல்ட்யே உள்ளே வந்து குட்டியைப் பார்த்தாள். முந்தானை மாதிரி கட்டியிருந்த சமையல் துணியை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டாள். அப்படியும் சிரிப்பு அடங்கவில்லை. தோள் குலுங்கியது.

"அப்பன் முகம் அப்படியே உரிச்சு வெச்சிருக்கு," என்றாள், துணியை எடுத்துவிட்டு. "இதுக்கு ஞானஸ்நானம் எந்தக் கோயில்ல?"

"வாய மூடுடி."

"நான் மூடுவேன். இது மூடுமா?"

குட்டி தாராளமாகக் கத்தியது.

நடந்தது இதுதான். சிம்சோன் கிடாவை வாங்கச் சொல்லி ஒற்றைக் காலில் நின்றவர் லுப்பர்ட். வடக்கே எங்கோ ஒரு மூப்பர் வீட்டிலிருந்து, பாட்டன் முப்பாட்டன் சான்றிதழோடு வந்தது அது. பார்வைக்கு ராஜா. கொம்பும் தாடியும் பார்த்தால் பிரசங்கம் செய்யும் போலிருக்கும். ஆனால் போன இலையுதிர் காலத்தில் பெர்த்தாவை அதனிடம் நான்கு முறை கூட்டிப் போயும், நான்கு முறையும் அது வேலியோரத்து இலையைத் தின்றுகொண்டு நின்றது. பெர்த்தா அதன் முன்னால் வாலை ஆட்டினால், அது மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டது.

இதை யாரிடம் போய்ச் சொல்வது? சிபாரிசு செய்து வாங்கியவரே லுப்பர்ட். குறை பெர்த்தாவிடம்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டார். பெர்த்தாவின் முகத்தைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. சினை பிடிக்காவிட்டால் குட்டி இல்லை, குட்டி இல்லாவிட்டால் பால் இல்லை. கடைப் பாலோ ரேஷன் கூப்பனுக்குத்தான். ஆல்ட்யே டிசம்பரில் ஒருநாள் வெறும் காப்பியை அவர் முன்னால் வைத்தாள். காப்பி என்றால் காப்பியும் இல்லை, வறுத்த பார்லித் தண்ணீர்.

"இந்தக் கொள்கைய இதுல கலந்து குடிங்க," என்றாள். "வெள்ளையா வருதான்னு பார்ப்போம்."

மறுநாள் மத்தியானம் வாய்க்கால் மேல் பனிமூட்டம் கட்டிக்கொண்டு நின்றது. லுப்பர்ட் ஆல்ட்யேயின் பழைய கறுப்புக் கோட்டை பெர்த்தாவுக்கு மாட்டி, பொத்தான் போட்டு, பாலத்தைக் கடந்து கூட்டிப் போனார். தூரத்திலிருந்து பார்த்தால் குள்ளமான ஒரு சித்தியைக் கையைப் பிடித்து நடத்திப் போவது போலத் தெரியும் என்பது அவர் கணக்கு. கிட்டத்தில் பார்த்தால் கோட்டுப் போட்ட ஆடு.

கத்தோலிக்கச் சங்கத் தலைவர் டோருஸ் கிடாக் கொட்டில் வாசலில் சுருட்டுப் பிடித்துக்கொண்டு நின்றார். லுப்பர்ட்டும் அவரும் ஒரே வருடம் பிறந்தவர்கள். ஐம்பது வருடமாகப் பாலத்தில் எதிரெதிரே வந்தால் தொப்பியைத் தொடுவார்கள், பேச மாட்டார்கள்.

"யோவ் லுப்பர்ட், யாரிது கூட? சொந்தக்காரங்களா?"

"டோருஸ், விளையாடாத. வேலைய முடிச்சுக் கொடு. எவ்வளவு வேணும்?"

டோருஸ் சுருட்டை வாயிலிருந்து எடுத்து அதன் நெருப்பையே சற்று நேரம் பார்த்தார். "காசெல்லாம் வேண்டாம்ப்பா. அடுத்த எலெக்‌ஷன் எப்ப வந்தாலும் சரி, உன் ஓட்டு ஒண்ணே ஒண்ணு, எங்க கட்சிக்கு. சம்மதமா?"

லுப்பர்ட்டுக்கு முகம் கத்தரிக்காய் ஆயிற்று. பெர்த்தாவைப் பார்த்தார். பெர்த்தா பெத்ருஸைப் பார்த்துக்கொண்டிருந்தது. பெத்ருஸ் இலை எதையும் தின்றுகொண்டிருக்கவில்லை.

லுப்பர்ட் கையை நீட்டினார். மாட்டுச் சந்தையில் பேரம் முடிந்தால் அடிப்பது போல இருவரும் உள்ளங்கையில் உள்ளங்கை சேர்த்து மூன்று முறை அடித்துக்கொண்டார்கள். அந்த ஊரில் மூன்றாவது அடி விழுந்துவிட்டால் அதற்கு மேல் பத்திரமும் வேண்டாம், சாட்சியும் வேண்டாம். அப்படி அடித்ததை மீறினவன் என்று ஊர் வரலாற்றில் ஒரே ஒருவன்தான் இருந்தான். அவன் கூச்சம் தாங்காமல் கப்பலேறிக் கனடா போய்விட்டான்.

குட்டியை அந்த நான்கு நாளும் வீட்டுக்குள், சுவர் அலமாரிக்குள் அமைத்த கட்டிலில் வைத்துக் கதவைச் சாத்தினார்கள். புதன்கிழமை சங்கத்துக்கும் கட்சிக்கும் ஒருசேரச் செயலாளரான ஆரி வந்தார். கூட்டங்களில் யார் தும்மினார்கள் என்பதைக்கூடக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிவைக்கிற மனிதர். தலை எண்ணிக் கணக்குப் போட்டு வந்திருந்தார்.

"தலைவரே, நமக்கு இருநூத்திப் பன்னெண்டு. கத்தோலிக்கனுக்கு நூத்தி முப்பத்தொண்ணு. தொழிலாளர் கட்சிக்கு ஒண்ணு, நம்ம வாத்தியார்."

"வாத்தியார் சம்சாரம்?"

"அது எப்பவும் நமக்குத்தான். ஒண்ணு கூடாது, ஒண்ணு குறையாது."

அப்போது அலமாரிக்குள்ளிருந்து "ம்மே" என்றது.

ஆல்ட்யே உடனே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அதே சுதியில் இருமினாள். "சளி," என்றாள்.

ஆரி பேனாவைக் கீழே வைத்தார். அவர் முகம் ஏனோ வெளுத்தது. "என் வீட்டுலயும் அதே சளிதான் அக்கா. ரெண்டு நாளாச்சு," என்று சொல்லிவிட்டு, தொப்பியைத் தலைகீழாக மாட்டிக்கொண்டு போய்விட்டார். லுப்பர்ட்டுக்கு அதைப் பற்றி யோசிக்க நேரமில்லை. அவர் கவலை அவருக்கு.

கவலை குட்டியைப் பற்றி அல்ல. குட்டியை மறைக்கலாம், விற்கலாம், யாரோ வாசலில் விட்டுப் போனார்கள் என்று சொல்லலாம். அந்த மூன்று அடிதான் உள்ளங்கையில் அரித்துக்கொண்டே இருந்தது. கத்தோலிக்கக் கட்சிக்கு ஓட்டுப் போட்டால் இருபது வருடம் தூக்கின விரல் பொய். போடாவிட்டால் அடித்த கை பொய். விரலும் கையும் ஒரே ஆளுடையதாக இருந்ததுதான் வம்பு.

பதினேழாம் தேதி வெள்ளிக்கிழமை. ஓட்டுச்சாவடி பள்ளிக்கூடத்தில். வராமல் இருந்தால் அபராதம் என்பதால் நடக்க முடியாதவர்களையும் கைவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்திருந்தார்கள். லுப்பர்ட் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு பத்து மணிக்குப் போனார். மேயர் சீட்டைக் கொடுத்தார். லுப்பர்ட் திரைக்குள் போனார்.

மேசை மேல் கயிற்றில் கட்டின சிவப்புப் பென்சில். சீட்டில் வரிசை வரிசையாகப் பெயர்கள், பெயருக்கு முன்னால் வெள்ளை வட்டங்கள். ஒரே ஒரு வட்டத்தைச் சிவப்பாக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. லுப்பர்ட் பென்சிலை எடுத்துக் கத்தோலிக்கப் பட்டியலின் முதல் பெயருக்குக் கொண்டு போனார். பென்சில் முனை தாளுக்கு ஒரு நெல் உயரம் மேலே நின்றுவிட்டது. கீழே இறங்க மறுத்தது. இடது கையால் வலது கையைப் பிடித்து அழுத்திப் பார்த்தார். பிரசங்கங்களெல்லாம் நினைவுக்கு வந்தன, அத்தனையும் அவருடையவை. செத்துப் போன அப்பா நினைவுக்கு வந்தார். அவர் கத்தோலிக்க ரொட்டிக்கடை இருக்கும் தெருவில் மூச்சை அடக்கிக்கொண்டு நடப்பார், வாசனை நன்றாக இருந்துவிடப் போகிறதே என்று.

"ஐயா," என்றார் மேயர் வெளியிலிருந்து. "உள்ள தூங்கிட்டீங்களா? வெளிய பதினேழு பேரு நிக்கிறாங்க."

யாருக்குத் தெரியப் போகிறது? இந்த யோசனை வந்ததும் லுப்பர்ட்டுக்கே அருவருப்பாக இருந்தது. ஆனால் கை அதைக் கேட்டதும் லேசாகிவிட்டது. சர்ரென்று தன் கட்சிப் பட்டியலுக்குத் தாவி, முதல் வட்டத்தைத் தாள் கிழிகிற அளவுக்குச் சிவப்பாக்கியது.

வெளியே வரும்போது கொள்கைக்காகக் குன்றாக நின்றவர் போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார். வாசலில் டோருஸ் நின்றார். டோருஸ் தொப்பியைத் தொட்டார். லுப்பர்ட்டின் நெஞ்சு உடனே இறங்கிவிட்டது. வீட்டுக்குப் போய் உருளைக்கிழங்கைத் தொடவே இல்லை. பசி இல்லை என்று அவர் சொன்னது கல்யாணத்துக்குப் பிறகு அதுவே முதல் முறை.

ஐந்து மணிக்குச் சாவடி மூடியது. எண்ணுவதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், ஆகவே ஊரே வந்திருந்தது, இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள் என்று நடுவில் ஒரு பாதை விட்டு. மேயர் ஒவ்வொரு சீட்டாக விரித்துப் படித்தார். முதல் அரை மணி நேரம் யாரும் சரியாகக் கவனிக்கவில்லை. என்ன வரும் என்றுதான் எல்லோருக்கும் தெரியுமே. அப்புறம் ஆரியின் பென்சில் தயங்க ஆரம்பித்தது. அப்புறம் கத்தோலிக்கர்களே ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தார்கள்.

மேயர் கடைசியில் எழுந்து நின்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "சீர்திருத்தச் சபைக் கட்சி, நூத்தி எண்பத்தாறு. கத்தோலிக்கக் கட்சி, நூத்தி ஐம்பத்தேழு. தொழிலாளர் கட்சி, ஒண்ணு."

கத்தோலிக்கப் பாதிரியார் வாயைத் திறந்தவர் மூடவில்லை. சந்தோஷப்பட வேண்டுமா, சந்தேகப்பட வேண்டுமா என்று அவருக்குத் தெரியவில்லை. சபைப் போதகர் கூரையைப் பார்த்து உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். டோருஸ் ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றார். தூண் அவரை விட ஒல்லி.

லுப்பர்ட் தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். சங்கத்தின் இருபத்தாறு உறுப்பினர்களும் தத்தம் செருப்பு நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், செருப்பை இன்றைக்குத்தான் முதல்முறையாக மாட்டினவர்கள் மாதிரி.

சைக்கிளை எடுக்கிற சாக்கில் ஒவ்வொருவராகப் பள்ளிக்கூடத்துச் சைக்கிள் கொட்டகைக்கு நழுவினார்கள். டயர் கிடைக்காத காலம் என்பதால் பாதிச் சைக்கிள்களில் தோட்டத்து ரப்பர் குழாயைச் சுற்றியிருந்தார்கள். கொட்டகை நிரம்பியதும் மூத்த உறுப்பினர் டூனிஸ், எண்பது வயதுக்காரர், தடியைத் தட்டினார்.

"சரி. எவனெவன் வீட்டுல பழுப்புக் குட்டி இருக்கு?"

பேரெண்ட் அழுதுவிட்டார். ஊரிலேயே பெரிய கஞ்சன் அவர், ஒரு தீக்குச்சியை இரண்டாகப் பிளந்து வைக்கிறவர். "எங்க வீட்டு அடுப்படியில இருக்கு. சுண்ணாம்பு பூசிப் பார்த்தேன். நக்கிடுச்சு."

"எங்க வீட்டுல ரெண்டு," என்றார் ஆரி. "அந்தச் சளி."

அப்புறம் மடை திறந்தது. நிலவறையில் ஒன்று, பரண்மேல் ஒன்று, மாமியார் அறையில் ஒன்று. சிம்சோன் யாருடைய ஆட்டையும் தொடவில்லை. ஒவ்வொருவரும் தன் ஆட்டின் மேல்தான் குறை என்று நினைத்து, தனித்தனியாகப் பனிமூட்டத்தில் பாலம் கடந்திருக்கிறார்கள். டூனிஸ் தன் ஆட்டுக்குச் சாக்குப் போர்த்திக் கைவண்டியில் உருளைக்கிழங்கு என்று சொல்லித் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார். இருபத்தேழு பேருக்கும் டோருஸ் ஒரே கூலிதான் கேட்டிருக்கிறார்.

அந்த நேரம் பார்த்து டோருஸே ஓடி வந்தார், வியர்க்க விறுவிறுக்க.

"அட பாவிங்களா! சும்மா வேடிக்கைக்குச் சொன்னேன்யா! முதல்ல வந்த டூனிஸ் பெரியவரக் கிண்டல் பண்ணலாம்னு சொன்னேன். அவரு கையடிச்சாரு. அப்புறம் வந்தவன்கிட்ட வேற மாதிரி எப்படிக் கேக்கறது? நிஜமாவே போடுவீங்கன்னு யார் கண்டா? பாதிரியார் இப்ப எப்படி, எப்படின்னு கேக்கறாரு. பெத்ருஸ உங்க ஆட்டுக்கு விட்டது தெரிஞ்சா என்னத் தொலைச்சிடுவாரு!"

டூனிஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "கையடிச்சா அடிச்சதுதான். நாங்க சீர்திருத்தச் சபைக்காரங்க. சொன்னா செய்வோம். நாட்டை உங்ககிட்டக் கொடுத்தாலும் கொடுப்போம், சொன்ன சொல்ல விட மாட்டோம்."

"ஆமா!" என்றார்கள் எல்லோரும். செருப்பிலிருந்து கண்கள் எழும்பின. வெட்கம் போய், ஒரு விதமான பெருமை கொட்டகையில் பரவியது. கட்சியைக் கவிழ்த்தாலும் நாணயத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக்கொண்டார்கள். லுப்பர்ட்டின் முதுகைத்தான் அதிகம் பேர் தட்டினார்கள். "தலைவரே, உங்களுக்குத்தான் ரொம்பக் கஷ்டமா இருந்திருக்கும்," என்றார் பேரெண்ட் மூக்கை உறிஞ்சிக்கொண்டே. லுப்பர்ட் ஒவ்வொரு தட்டுக்கும் ஓர் அங்குலம் குட்டையானார்.

ஆரி மட்டும் குறிப்புப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஒரு நிமிஷம்," என்றார். "ஆடு இருபத்தேழு. நூத்தி முப்பத்தொண்ணோட இருபத்தேழு சேர்த்தா நூத்தி ஐம்பத்தெட்டு. வந்தது ஐம்பத்தேழு."

"விடுங்கப்பா," என்றார் டோருஸ். "ஒண்ணுதானே. எனக்கு ஒண்ணுமே வேண்டாம். உண்மையச் சொன்னா இருபத்தாறும் வேண்டாம்."

"நீ சும்மா இரு! இது எங்க மானப் பிரச்சனை." டூனிஸின் தடி தரையில் இறங்கியது. "ஒரு கத்தோலிக்கன் முன்னால நம்மள்ல ஒருத்தன் சொன்ன சொல்ல மீறியிருக்கான். எவன்டா அது?"

கொட்டகை முழுவதும் மெதுவாகத் திரும்பிப் பேரெண்டைப் பார்த்தது. வேறு யாரைப் பார்க்கும்? எதையும் கொடுக்க மனம் வராத மனிதர், ஓட்டை மட்டும் எப்படிக் கொடுத்திருப்பார்?

"நான் இல்ல! சத்தியமா நான் இல்ல! நான் போட்டேன்! பென்சில் கொஞ்சமாத்தான் தேய்ச்சேன், ஆனா போட்டேன்!"

"கஞ்சப் பயலே, ஆட்ட வெச்சு ஓசியில வேலைய முடிச்சுக்கிட்டியா?"

"சங்கத்தவிட்டுத் தூக்குங்க இவன!"

பேரெண்ட் சுற்றிலும் பார்த்தார். அவர் வாழ்நாளில் எதையுமே விட்டுக்கொடுக்காதவர், இன்றைக்கு விட்டுக்கொடுத்த ஒரே நாளில் யாரும் நம்பவில்லை. லுப்பர்ட் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பேசாமல் இருந்தால் போதும். இன்னும் ஒரு நிமிடம் பேசாமல் இருந்தால் எல்லாம் பேரெண்ட் தலையில் முடிந்துவிடும். தான் சபையில் மூப்பராகவே இருக்கலாம், கட்சிக்கும் தலைவராக, ஆட்டுக்கும் தலைவராக.

"அவன விடுங்க," என்றார். குரல் ஆட்டுக் குரல் மாதிரி வந்தது. "நான்தான்."

"நீங்கதான் என்ன?"

"நான்தான் போடல. நான்... நம்ம கட்சிக்கே போட்டுட்டேன்."

டோருஸ் கூட "ஐயய்யோ" என்றார்.

"நம்ம கட்சிக்கா?" என்றார் ஆரி. "நீங்களா?"

"யோவ், நான் கட்சித் தலைவருய்யா! நம்ம கட்சிக்குப் போடறதுல என்ன தப்பு?"

"கையடிச்சீங்களா இல்லையா?"

"அடிச்சேன்."

"எத்தனை அடி?"

"மூணு."

"அப்புறம் எப்படி நம்ம கட்சிக்குப் போட மனசு வந்துச்சு?" டூனிஸ் நிஜமாகவே நொந்துபோனார். "இருபது வருஷமா விரலத் தூக்கித் தூக்கி எங்களுக்குச் சொன்னவரு. நாங்கெல்லாம் பல்லக் கடிச்சுக்கிட்டு அவனுங்களுக்குப் போட்டோம். நீங்க ஒருத்தரு மட்டும் நோகாம நம்ம கட்சிக்குப் போட்டுட்டு வந்து நிக்கிறீங்க."

லுப்பர்ட்டுக்குச் சொல்ல நிறைய இருந்தது. கொள்கை, கடமை, அப்பா. அந்த இருபத்தாறு முகங்களுக்கு முன்னால் எதையும் எடுக்க முடியவில்லை. இவர்களை விடத் தான் ஒரு படி மேல் என்று இருபது வருடம் நினைத்திருந்தார். வெட்கம் காது வரை ஏறியது. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அங்கேயே, அப்போதே, அவரைத் தலைவர் பதவியிலிருந்து நீக்குவது என்று தீர்மானம் வந்தது. முறைப்படி ரகசிய ஓட்டு வேண்டும் என்றார் ஆரி. குறிப்புப் புத்தகத்தின் தாள்களைக் கிழித்து ஆளுக்கு ஒன்று கொடுத்தார். "இருக்கட்டும்" அல்லது "போகட்டும்" என்று எழுதி டூனிஸ் தொப்பியில் போட வேண்டும்.

"காரணம்னு என்ன எழுதட்டும்?" என்று கேட்டார் ஆரி. "கட்சித் தலைவர் தன் கட்சிக்கே ஓட்டுப் போட்டதாலன்னு எழுதினா மேலிடம் படிக்கும்."

"உடம்பு சரியில்லன்னு எழுது."

"எனக்கு உடம்பு நல்லாத்தான் இருக்கு," என்றார் லுப்பர்ட்.

"ஆல்ட்யேகிட்ட விஷயத்தச் சொல்லிட்டு வந்து சொல்லுங்க," என்றார் டூனிஸ்.

எல்லோரும் சுவர்ப் பக்கம் திரும்பி எழுதினார்கள். லுப்பர்ட் சைக்கிள் இருக்கையில் தாளை வைத்து, தெளிவாக "போகட்டும்" என்று எழுதினார். அன்றைக்கு அவர் எழுதினதிலேயே சரியான எழுத்து அதுதான் என்று பட்டது. பக்கத்தில் பேரெண்ட் தாளை மடித்து, நகத்தால் கீறி, இரண்டாகக் கிழித்து, நல்ல பாதியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வதைப் பார்த்தார். கஞ்சத்தனத்துக்கு ஓய்வே இல்லை என்று நினைத்துக்கொண்டார்.

ஆரி தொப்பியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தார். போகட்டும். போகட்டும். போகட்டும். லுப்பர்ட் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பத்தொன்பதாவது தாளை ஆரி விரித்தார். மற்றவற்றில் பாதி அளவுதான் இருந்தது அது.

"இருக்கட்டும்," என்று படித்தார் ஆரி. கணக்கில் கண்ணாக இருந்தவர் தாளின் அளவைப் பார்க்கவில்லை.

கொட்டகையே வெடித்துச் சிரித்தது. "போட்டுக்கிட்டாரு பாரு! தனக்கே போட்டுக்கிட்டாரு! இந்த மனுஷனுக்குத் தன் பக்கத்த விட்டா வேற பக்கம் கை போகவே போகாதுய்யா!" டோருஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டூனிஸ் சிரித்து இருமி, இருமித் தடியைக் கீழே போட்டார்.

லுப்பர்ட் வாயைத் திறந்தார். நான் இல்லை என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கூட்டத்துக்குப் பின்னால் பேரெண்ட் குனிந்து, தன் சைக்கிளின் ரப்பர் குழாயை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை. கழுத்தெல்லாம் சிவந்திருந்தது. லுப்பர்ட் அந்தக் கழுத்தைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

இருபத்தாறுக்கு ஒன்று. தீர்மானம் நிறைவேறியது.

பள்ளிக்கூட வாசலில் ஆல்ட்யே கைகளைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். அந்த ஊரில் செய்தி மனிதனுக்கு முன்னால் நடந்து போய்விடும். பேரெண்டும் இன்னும் இரண்டு பேரும் பின்னாலேயே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

"தூக்கிட்டாங்களாமே? எத்தனைக்கு எத்தனை?"

"இருபத்தாறுக்கு ஒண்ணு."

"அந்த ஒண்ணு?"

பேரெண்டின் சைக்கிள் நின்றுவிட்டது. லுப்பர்ட் திரும்பிப் பார்க்கவில்லை.

"நானேதான் போட்டுக்கிட்டேன்," என்றார் சத்தமாக, பின்னால் வருகிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி.

"வெக்கமா இல்ல உங்களுக்கு?"

"இல்லடி," என்றார் லுப்பர்ட். உண்மையாகவே இல்லை.